இருபத்திரண்டாம் நிமிடம்

“மாஸ்ரர் இல்லையோ பிள்ளை?”
என்றுதான் கேட்டார், எல்லாரையும் போல.
நான்தான் மாஸ்ரர் என்றேன்.
வெளியே போய்ப் பெயர்ப்பலகையை ஒருக்கால் வாசித்துவிட்டு வந்து
ரீவியை மேசையில் வைத்தார்.
படுக்கை விரிப்பால் சுற்றி, கயிறு போட்டு,
கோப்பாயிலிருந்து கொக்குவில் வரைக்கும்
ஓட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தது.

தானாக நிற்குதாம்.
போட்டு இருபத்திரண்டாம் நிமிடம்.
ஆறவிட்டுப் போட்டால் திரும்பவும் இருபத்திரண்டு.
மழை நாளென்றால் இருபத்தாறு.
கொப்பி ஒன்றில் எழுதியே வைத்திருந்தார்:
திகதி, நேரம், அப்போது என்ன போனது.
செய்தி. நாடகம். சிங்களத்தில் சமையல்.

ஒருவர் மின்சாரசபையில் பிழை என்றாராம்.
நாச்சிமார் கோயிலடியில் ஒருவர்
பின்பக்கம் மேசை விசிறி வைக்கச் சொன்னாராம்.
விசிறியையும் கொண்டுவந்திருந்தார்.
மூன்றாவது ஆள், “எறிஞ்சுபோட்டுப் புதுசு வாங்குங்கோ.”
அந்த ஆளின் பெயரை மட்டும் சொல்லவில்லை.

மூடியைக் கழற்றினேன்.
பதினொரு ஆணி இருக்கவேண்டும், ஒன்பதுதான் இருந்தது.
உள்ளே செம்மண் தூசி,
பல்லி முட்டைக் கோது இரண்டு,
வயிறு வீங்கிய கப்பாசிற்றர் ஒன்று.
ஆளைப் பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.
மாற்றினேன். போட்டேன்.
யோகச்சந்திரன் ஐயா மணிக்கூட்டைப் பார்த்தார்,
ரீவியைப் பார்க்கவில்லை.
இருபது. இருபத்தொன்று.
டிக்.
“பாத்தியளோ!” என்றார்,
மகன் சோதனை பாஸ்பண்ணியதைச் சொல்வதுபோல.

அடுத்த நாள் மீற்றரால் ஒவ்வொரு புள்ளியாய்த் தொட்டேன்.
தொடும்போது எல்லாம் சரி.
ஐந்து என்றால் ஐந்து, பன்னிரண்டு என்றால் பன்னிரண்டு.
டொக்டரைக் கண்டதும் காய்ச்சல் இறங்குமே, அப்படி.
காவல் வயர் ஒன்று உண்டு.
அதை வெட்டினால் நிற்காது;
நிற்காமல் ஓடி ஓடி ஒருநாள் புகையும்.
குறடு கையில்தான் இருந்தது.
வைத்துவிட்டேன்.

பின்னேரம், தலைமயிர் காயவைக்கிற என் மெசினால்
பலகையைச் சூடாக்கிக்கொண்டு
பூதக்கண்ணாடியோடு குனிந்தேன்.
ஒரு காலைச் சுற்றி, ஈயத்தில்,
மயிரளவு வட்டம்.
குளிரில் ஒட்டிக் கிடக்கும். சூடேற விலகும்.
விலக இருபத்திரண்டு நிமிடம் எடுக்கும்.
பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துப் புதுசு வைத்தேன்.
ஒரு சொட்டு.
கண்ணீரளவு என்று சொல்ல வருகிறது.
இல்லை, கடுகளவு.

“இதிலை என்ன விரும்பிப் பாப்பியள் ஐயா?”
“ஒண்டும் பாக்கிறேல்லை பிள்ளை.
போட்டிட்டுப் படுப்பன்.
அது நிண்டாத்தான் எனக்கு முழிப்பு வரும்.”

வீட்டில் வேறு ஆர் என்று நான் கேட்கவில்லை.
கொப்பியைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன்.
ஒன்று இருபது. இரண்டு பத்து. இரண்டு ஐம்பத்தைந்து.
எல்லாம் இராத்திரி.
சமையலும் மறு ஒளிபரப்பு.

நாலு மணித்தியாலம் ஓடவிட்டுப் பார்த்துத்தான் தருவேன் என்றேன்.
ஓம் என்று பிளாஸ்ரிக் கதிரையை இழுத்தார்.
இருபத்திரண்டு தாண்டியது.
மணிக்கூட்டை விரலால் தட்டினார், ஓடுதோ என்று.
நாற்பதில் கொப்பியை மூடினார்.
ஒரு மணித்தியாலத்தில் தலை ஒரு பக்கம் சாய்ந்தது,
வாய் கொஞ்சம் திறந்து,
ஒரு செருப்பு காலைவிட்டுக் கழன்று.

எட்டரைக்குக் கடை பூட்டவேண்டும்.
ஈயத் துணுக்குகளைக் கூட்டினேன்.
ஆணிகளை எண்ணினேன், ஒன்பது.
என் டப்பாவிலிருந்து இரண்டு தேடி எடுத்தேன்.
ஷட்டரை அரைவாசி இறக்கினேன்,
கிறீச்சிடாமல், மெல்ல.
சுன்னாகம் போகிற கடைசி மினிபஸ்
ஹோன் அடித்துக்கொண்டே போகிறது.
ரீவியில் ஒருத்தி
சிங்களத்தில் பலாக்காய் வெட்டுகிறாள்.
றிமோட் என் கையில்.